தங்காத ரத்தம்

என் மகன் கொடுத்த ரத்தம் எனக்குள் பன்னிரண்டு நாள்தான் தங்கியது. பதின்மூன்றாம் நாள் காலையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்த டாக்டர், சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுவரைக்கும் எனக்குச் சாவு பயம் வரவில்லை. அன்றைக்குத்தான் வந்தது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பேச இன்றைக்கும் எனக்கு வராது. பேசாமல் இருந்ததால் வந்த கேடு இது. அதனால் எழுதுகிறேன். அவுரிக் கிட்டங்கியில் வேலை செய்கிற பெண்கள் யாராவது இதைப் படித்து, படிக்கத் தெரியாத இன்னொருத்திக்கு வாசித்துச் சொன்னால் எனக்குப் போதும்.

எங்கள் பக்கத்தில் அவுரி என்பது பேதிக்குக் கொடுக்கிற நிலாவரை இலை. சாத்தான்குளம் பக்கத்துக் காடுகளில் விளைந்து, காய்ந்து, மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடிக்கு வரும். சரக்கு இறக்கி வைக்கிற கிட்டங்கியில் நாங்கள் அதைச் சுளகில் போட்டுப் புடைத்து, கல்லும் காம்பும் நீக்கி, பெரிய இலை தனி, சின்ன இலை தனி, காய் தனி என்று பிரிப்போம். பிறகு சிப்பம் கட்டிக் கப்பலேற்றுவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தத் தூசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் தலை கனத்துப்போகும். முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஒன்பது பெண்கள் இருந்தோம். எங்களில் மூத்தவள் என் அண்ணன் பெண்டாட்டி சீனியம்மாள். என் புருஷன் இறந்தபோது மகன் துரைக்கு ஆறு வயது. அண்ணன் வீட்டு வாசலில் நான் தலைகுனிந்து நின்ற அன்றைக்கு, "உள்ள வாளா, சோறு ஆறுது" என்று கையைப் பிடித்து இழுத்தவள் மதினிதான். கிட்டங்கியில் எனக்கு இடம் வாங்கித் தந்ததும் அவள்தான்.

எனக்கு முதலில் வந்தது மூச்சு வாங்கல். வீட்டுக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் மூன்று தெரு. முன்பெல்லாம் நிற்காமல் போய்விடுவேன். அந்த வருஷம் ஒவ்வொரு தெரு முக்கிலும் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாடிப்படி ஏறினால் நெஞ்சு காதுக்குள் அடித்தது. கால் வீங்கியது. வாயோரம் வெடித்துப் புண்ணாகி, நாக்கு தேய்த்த கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது. கை நகங்கள் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும் போலிருந்தன. இதையெல்லாம்விட எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்று. பச்சரிசியைக் கண்டால் அள்ளி வாயில் போடத் தோன்றும். மருமகள் செல்வி குளிக்கப் போகிற நேரம் பார்த்து, பானையில் கைவிட்டு அள்ளி முந்தியில் முடிந்துகொள்வேன். வயதான காலத்தில் சொந்த வீட்டில் திருட்டு.

சோகை என்றார்கள். காமாலை என்று ஒருத்தி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். கடைசியில் ஒருநாள் சுளகைத் தூக்கி நிமிர்ந்தவள் அப்படியே இலைக் குவியல்மேல் விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது பெரியாஸ்பத்திரிப் பெண்கள் வார்டில் கிடந்தேன்.

டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "பச்சரிசி, மண்ணு, சாம்பல், இப்படி ஏதாவது திங்கணும்போல இருக்குமாம்மா?" என்று கேட்டார். நான் செல்வியைப் பார்த்தேன். இவருக்கு யார் சொன்னது என்று உடம்பு கூசிப்போனது.

"எத்தே, அரிசிப்பானை குறையுறது எனக்குத் தெரியும்," என்றாள் செல்வி மெதுவாக. "எலின்னு நெனச்சுப் பொறி வச்சேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் முதலும் கடைசியுமாகச் சிரித்தது அப்போதுதான்.

ரத்தம் சோதிக்கிற அறையில், பூதக்கண்ணாடிக் குழாய்க்குள் என்னைப் பார்க்கச் சொன்னார் அந்த டாக்டர். முதலில் செல்வியின் ரத்தத்தைக் காட்டினார். ஒரே அளவில் வட்ட வட்டமாக, நிறைந்த சிவப்பில் நெருக்கிக்கொண்டு கிடந்தது. பிறகு என் ரத்தம். எல்லாம் சிறுத்து, ஒன்று பெரிது ஒன்று சின்னது என்று ஒழுங்கில்லாமல், ஓரத்தில் மட்டும் நிறம் இருந்தது. நடுவெல்லாம் ஆப்பத்தின் நடுவைப்போல வெளுப்பு.

சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். மைக்ரோசைட்டிக் ஹைப்போகுரோமிக் அனீமியா. மூன்று நாள் சொல்லிச் சொல்லிப் பழகி இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. முதல் சொல்லுக்கு, ரத்த அணு சிறுத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவதுக்கு, அதன் சாயம் வெளுத்துவிட்டது என்று. மூன்றாவதுக்கு ரத்தக் குறைவு. மூச்சில் இழுக்கிற காற்றை உடம்பெல்லாம் சுமந்துபோவது அந்தச் சிவப்புச் சாயம்தானாம். அந்தச் சாயம் ஏற இரும்புச் சத்து வேண்டும். இரும்பு இல்லாவிட்டால் உடம்பு அரைவேக்காட்டில் சின்னச் சின்ன அணுவாகச் செய்து அனுப்பிவிடும். என் வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு கிராமாவது இருக்க வேண்டிய சாயம் எனக்கு நாலுகூட இல்லை. இதயம்தான் அந்தக் குறையையும் சேர்த்து ஓடி ஓடிச் சுமக்கிறது. அதனால்தான் கால் வீக்கமும் நெஞ்சடிப்பும். இப்படியே விட்டால் ஒருநாள் அது நின்றுவிடும்.

"ஆனா இது நோயோட பேரு இல்லம்மா," என்றார். "ரத்தம் பாக்க எப்படியிருக்குன்னு மட்டும்தான் இது சொல்லுது. இரும்பு எப்படிப் போச்சுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். சாப்பாட்டிலே பத்தாம இருக்கலாம். குடல் உறிஞ்சாம இருக்கலாம். கொக்கிப்புழு குடிக்கலாம். இல்லேன்னா எங்கயாவது ரத்தம் ஒழுகிக்கிட்டு இருக்கணும்."

பிறகு கேள்விகள். மூலம் உண்டா? தீட்டு நின்று எத்தனை வருஷம்? மறுபடி பட்டதுண்டா? வெளிக்குப் போவது என்ன நிறம்? நான் தரையைப் பார்த்துக்கொண்டு செல்வியின் காதில் சொல்வேன். அவள் டாக்டரிடம் சொல்வாள். கறுப்பு என்று சொல்ல எனக்கு அரைமணி ஆயிற்று. அவுரி இலையைத் தின்பதுண்டா என்று கேட்டார். இல்லை. மருந்து மாத்திரை எதுவும் தினமும் சாப்பிடுவதுண்டா? இல்லை. அதை மட்டும் நானே வாய்திறந்து, சத்தமாகச் சொன்னேன். டாக்டரிடம் போகாதவளுக்கு மாத்திரை ஏது?

முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் யாராவது கொடுக்க வேண்டும். செல்வியின் ரத்தம் என்னோடு சேரவில்லை. துரையின் ரத்தம் சேர்ந்தது. அவன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். 'ரத்தம் குடுத்தா ஆம்பளைக்குப் பலம் போயிரும்லே' என்று கூட்டாளிகள் பயம் காட்டியிருக்கிறார்கள். கொடுத்துவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "யம்மா, ஒரு கலர் சோடா வாங்கிக் குடுத்தானுவ. அதுக்காவே இன்னொரு பாட்டில் குடுக்கலாம்," என்றான். முகம் வெளிறியிருந்தது. அவன் கூட்டாளி ஒருவன் இன்னொரு பாட்டில் கொடுத்தான்.

கண்ணாடிப் பாட்டிலில் மகன் ரத்தம் தலைகீழாகத் தொங்கியது. இதயம் தாங்காது என்று சொட்டுச் சொட்டாக, நாள் முழுவதும் விட்டார்கள். குளிர் வந்து பல் கிட்டித்தது. நர்ஸ் அம்மா இரண்டு கம்பளி போர்த்தினார். பிள்ளைக்குத் தாய் பால் கொடுக்கலாம். தாய்க்குப் பிள்ளை ரத்தம் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு, செத்துப்போயிருக்கலாம் என்றிருந்தது.

ஆனால் உடம்பு தேறியது. மூன்றாம் நாள் கக்கூஸ் வரை தனியாக நடந்தேன். ரத்தம் ஆறு கிராம் என்றார்கள். மலத்தில் கொக்கிப்புழு முட்டை கொஞ்சம் இருந்ததென்று பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரும்பு மாத்திரை தந்தார்கள். மாத்திரையால் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். கீரை, ஈரல், கருப்பட்டி எல்லாம் நல்லது என்றும் சொன்னார்.

கருப்பட்டி என்றதும், கிட்டங்கியில் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போடுகிற சீனியம்மாள் மதினிக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். "பாத்தியாளா கனி? டாக்டரே சொல்லிட்டாவ! ஆஸ்பத்திரிக் காப்பி கழனித்தண்ணியால்லா இருக்கு. நான் நம்ம காப்பியக் கொண்டாரேன்." அன்றிலிருந்து தினமும் கிட்டங்கியில் காப்பி போட்டதும், என் பங்கைத் தூக்குவாளியில் ஊற்றி, துணி சுற்றி, வெயிலில் நடந்து வருவாள். பார்க்கிற நேரம் முடிவதற்குள் வந்துசேர ஓடுவாள். அரைநாள் வேலை போகும். "வேண்டாம் மைனி" என்றால், "சும்மா குடிளா, உன்னைய நான் தூக்கி வளத்தேன்" என்பாள். என்னைவிட அவளுக்கு ஏழு வயதுதான் கூட. அந்தக் காப்பி உள்ளே போனதும் மூட்டுவலி விட்டுப்போகும், தலை லேசாகும். வார்டில் அந்தச் சூடு ஒன்றுதான் எனக்கு வீட்டு ஞாபகம்.

அப்புறம்தான் அந்தப் பதின்மூன்றாம் நாள்.

ஆறு கிராம் நாலரையாகிவிட்டது. டாக்டர் துரையை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ப் பேசினார். எனக்குக் கேட்காது என்று நினைத்தார்கள். "உள்ள எங்கயோ ஒழுகுது. குடுக்கக் குடுக்கப் போயிட்டிருக்கு," என்பது மட்டும் கேட்டது.

இரும்பு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியும் கறுப்பாகத்தான் போயிற்று. தார்போல. மூன்று நாள் கறி மீன் இல்லாமல் வைத்து மலத்தைச் சோதித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருந்தது. வயிற்றுக்குள் போய்ச் செரித்த ரத்தம் கறுப்பாகத்தான் வெளியே வருமாம். பிறகு பேரியம் என்று சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்து, குளிர்ந்த பலகையில் புரட்டிப் புரட்டிப் படம் எடுத்தார்கள். எனக்கு ஓங்கரித்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் என்னைப்போல எத்தனையோ பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"பிடிபடலேன்னா ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம் இல்லம்மா," என்றார் டாக்டர். பெரிய டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். இந்த வயதில் இப்படி ஒழுகினால் புற்றாக இருக்கலாம், திறந்து பார்த்துவிடுவது நல்லது என்றார். திறக்க வேண்டுமானால் ரத்தம் இன்னும் மூன்று பாட்டில் வேண்டும். இருக்கிற ரத்தத்தோடு திறந்தால் மேசையிலேயே முடிந்துவிடலாம். இதை என்னிடம் நேராகச் சொன்னார். அவர் நல்லவர். பொய் சொல்லவில்லை.

அந்த நாட்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வீட்டுக்குப் போனாள். அந்தக் கட்டிலுக்கு வந்த இன்னொருத்தி துணி மூடிப் போனாள். நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு, ஏற்ற ஏற்றக் குடிக்கிறது, அது குடிப்பது என் ரத்தமில்லை, என் பிள்ளையின் ரத்தம் என்ற நினைப்பு விடவேயில்லை. சாமியிடம் பிழைக்க வை என்று கேட்கவில்லை. அவன் இன்னொரு தடவை கையை நீட்டுவதற்குள் என்னை எடுத்துக்கொள் என்றுதான் கேட்டேன்.

அவன் நீட்டிவிட்டான். ரத்தம் கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கொடுத்ததே இல்லை என்று பொய் சொல்லி ரத்த அறைக்குப் போயிருக்கிறான். அவர்கள் ஏட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டதும், ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று நான் சேலையை மடிக்கத் தொடங்கினேன்.

"எங்க போறிய?" என்று செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தே, வீட்டுல நீங்க செத்துக் கிடந்தா நான் என்ன செய்யட்டும்? அரிசிப்பானைய நீங்களே வச்சுக்கோங்க. பூராவும் தின்னுங்க. இங்கனயே இருங்க."

அவள் அழுததால் இருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று பாட்டிலுக்குத் துரை கூட்டாளிகளைப் பிடித்தான். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று குறித்தார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் மதினி வந்து காப்பி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு இறங்கவில்லை. வார்டு ஆயா லூர்தம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கடற்கரைக்காரி, அதட்டலும் அன்புமாக இருப்பாள். "நீ குடியேன்" என்று வாளியை நீட்டினேன்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னக்கா இது, கருப்பட்டிய மீறிக் கசக்கு? ஒங்க மைனி இதுல என்ன போடுதா, வேப்பெண்ணெயா?"

"சுக்கு, மல்லி, மாத்திரை," என்றேன். உப்பு, புளி, மிளகாய் என்று சொல்வதுபோல.

"மாத்திரையா? என்ன மாத்திரை?"

"தலைவலி மாத்திரைதான். கடையில விக்கிறது. சுக்கோட வச்சுத் தட்டிப் போட்டாத்தானே காப்பிக்கு வேகம்?"

லூர்தம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "தெனமுமா?"

"வேலை நாள்ல எல்லாம். காலையில ஒருக்க, மூணு மணிக்கு ஒருக்க."

"எத்தனை வருசமா?"

நான் யோசித்தேன். துரை பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து.

"மாதாவே!" என்று துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் தம்பி மூட்டை சுமந்த இடுப்புவலிக்கு அந்த மாத்திரையை வேர்க்கடலை மாதிரித் தின்று, ரத்த வாந்தி எடுத்து இதே ஆஸ்பத்திரியில் கிடந்தவனாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

டாக்டர் வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நடுங்கினேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வாளியை மோந்து பார்த்தார். ஒரு பானைக்கு எத்தனை மாத்திரை என்று கேட்டார். ஒன்பது பேருக்குப் பதினெட்டு. ஒருத்திக்கு நேரத்துக்கு இரண்டு என்று மதினியின் கணக்கு.

"மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டேனேம்மா?"

அழுகைதான் வந்தது. நான் பொய் சொல்லவில்லை. மாத்திரை என்றால் டாக்டர் கொடுப்பது, தண்ணீர் ஊற்றி விழுங்குவது. இது காப்பிக்குப் போடுகிற சாமான். கிட்டங்கியில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த மாத்திரை வலியை எடுக்கும். ஆனால் இரைப்பையின் உள்தோலை அரித்துவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் இன்னும் மோசம். அரித்த இடத்தில் ரத்தம் கசியும். வலிக்கும் என்றும் இல்லை, ஏனென்றால் வலியை அந்த மாத்திரையே அமுக்கிவிடும். ரத்தம் உறைவதையும் அது கெடுக்கும். தினமும் இரண்டு சின்னக் கரண்டி கசிந்தால் போதும். கீரையும் கருப்பட்டியும் தின்று சேர்க்கிற இரும்பைவிடப் போகிற இரும்பு கூடிவிடும். வருஷக்கணக்கில் உடம்பின் இரும்புக் கஜானா காலியாகி, அணு சிறுத்து, சாயம் வெளுத்துவிடும்.

"இதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார். "ஆனா ஆபரேஷனைத் தள்ளிவைப்போம். பத்து நாள் ஒரு சொட்டுகூட அந்தக் காப்பி வேண்டாம். ரத்தம் இறங்காம நின்னா, நாம பிடிச்சுட்டோம்னு அர்த்தம். இறங்கினா..."

அந்தப் பத்து நாளும் இரண்டு பக்கமும் வதை. ஒரு பக்கம் உடம்பு. காப்பி நின்றதும் தலை பிளந்தது, முழங்கால் கழன்றது. பாலும், வயிற்றுப்புண்ணுக்கு வெள்ளை மருந்தும்தான் ஆகாரம். புட்டத்தில் இரும்பு ஊசி. போட்ட இடம் கட்டி, பழுப்பாகக் கறை பிடித்தது. மறுபக்கம் மதினி. அவள் தினமும் வாளியோடு வந்தாள். சொல்ல வாய் வரவில்லை. உன் காப்பிதான் என் ரத்தத்தைக் குடித்தது என்று எந்த நாக்கால் சொல்ல? "அப்புறம் குடிக்கேன் மைனி" என்று வாங்கி வைப்பேன். அவள் போனதும் லூர்தம்மாள் சாக்கடையில் கொட்டுவாள். வெயிலில் சுமந்து வந்த காப்பி. நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் மதினி மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். லூர்தம்மாள் கையில் கவிழ்த்த வாளி.

"என்னளா இது?"

நான் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டேன். லூர்தம்மாள்தான் சொன்னாள். கடற்கரைப் பேச்சில், நறுக்கென்று சொல்லிவிட்டாள்.

மதினி வாளியை எடுத்து முந்தியால் துடைத்தாள். "எம்மேல பழி போட்டுட்டியேளா கனி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு வரவில்லை.

பத்தாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் டாக்டர் சீட்டை மடிக்கவில்லை. என்னிடமே நீட்டினார். ஐந்து. இறங்கவில்லை, அரைக் கிராம் ஏறியிருந்தது. வெளிக்குப் போவதும் நிறம் மாறியிருந்தது. செல்வி சீட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேலும் சில வாரம் வைத்திருந்து, எட்டு கிராம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் நிறைந்த பிறகும் மூன்று நாலு மாதம் இரும்பு மாத்திரையை விடக்கூடாது, காலியான கஜானா நிரம்ப வேண்டும் என்றார் டாக்டர்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "அந்தப் பானையில இன்னும் எட்டுப் பேர் குடிக்கிறாங்களேம்மா. யார் சொல்றது?"

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் நான் வெளியே போகவில்லை. உடம்பு முடியவில்லை என்றேன். அது பொய். பிறகு ஒருநாள் செல்வியைக்கூடக் கூப்பிடாமல், தெருவுக்குத் தெரு நிற்காமல் நடந்து, காப்பி நேரத்துக்குக் கிட்டங்கிக்குப் போனேன். பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். மதினி பார்க்கவில்லை.

எப்படிச் சொன்னேன், என்ன வரிசையில் சொன்னேன் என்று தெரியாது. மாத்திரை, இரைப்பை, கசிவு, அணு, சாயம் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அம்மியில் மாத்திரையும் சுக்கும் பாதி தட்டிக் கிடந்தன.

மதினி குழவியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இருவது வருசமா குடிக்கோம். இதைக் குடிச்சு யாருளா செத்தா? ஒரு பேரு சொல்லு பாப்பம்."

எனக்குப் பேர் தெரியவில்லை.

மூலையில் காய் பிரித்துக்கொண்டிருந்த வடிவுதான், "பூரணம்?" என்றாள், யாரிடமோ கேட்பதுபோல.

"பூரணத்துக்கு ஈளை இருமல்லா," என்றாள் இன்னொருத்தி.

"ஈளைக்காரி முகம் அப்படி வெளுக்குமா? கனி விழுந்தாப்பிலதான் அவளும் இந்த இலைமேல விழுந்தா."

"செல்லத்தாயி?"

"அவளப் பேயடிச்சதுன்னுதானே சொன்னாவ."

ஒவ்வொருத்தியும் மனசுக்குள் பேர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மதினி மெல்ல அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் அந்தப் பானையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தது அவள் கூடப்பிறந்த அக்காள் மாடத்தி. மாத்திரை தட்டிப்போடும் பக்குவத்தை இவளுக்குக் கற்றுக்கொடுத்தவள். மாடத்தி எப்படிச் செத்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"எங்கக்கா கறுப்பாத்தான் வாந்தி எடுத்தா," என்றாள் மதினி. அம்மியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மண்டி மண்டியா வந்திச்சு. குடிச்ச காப்பிதான் திரும்பி வருதுன்னு நெனச்சேன். வயிறு வெறும் வயிறாப் போச்சேன்னு, நாந்தான் இன்னொரு டம்ளர் ஊத்திக் குடுத்தேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "அதனாலயாளா கனி?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று டாக்டர் எனக்குச் சொல்லித் தரவில்லை.